வாஷ் சொதப்பினால்: மாடலைத் தூக்கிப் போடுவதற்கு முன்

மூன்று வாரம் உட்கார்ந்து ஒட்டி, தேய்த்து, பெயிண்ட் அடித்த பிளாஸ்டிக் மாடல் டாங்கி. கடைசியாக ஒரு வாஷ், அதாவது நீர்க்கக் கரைத்த அடர் நிறம், கொடுத்தால் போல்ட், மூடி விளிம்பு, வெல்டிங் தழும்பு எல்லாம் எடுப்பாகத் தெரியும் என்று நம்பித் தடவுகிறோம். பத்தே நிமிடத்தில் அது சாக்கடையில் விழுந்து எழுந்தது போல நிற்கிறது. உடனே கை பதறி, அகப்பட்ட துணியை எடுத்துத் துடைக்கப் போகும். அங்கேதான் மாடல் சாகிறது. வாஷ் கெடுத்ததைவிடத் துடைத்துக் கெட்டதுதான் என் அலமாரியில் அதிகம்.

ஆகவே எனாமல் வாஷோ ஆயில் வாஷோ எதிர்பாராத விதமாக நடந்துகொண்டால், முதலில் தூரிகையைக் கீழே வையுங்கள். மாடலின் மேல் ஒரு டப்பாவைக் கவிழ்த்துவிட்டு, போய் டீ குடித்துவிட்டு வாருங்கள். இந்த இரு வகை வாஷும் மணிக்கணக்கில் திருத்த அவகாசம் தருபவை. நீர் சார்ந்த அக்ரிலிக் வாஷ் மட்டும் அப்படிக் காத்திருக்காது. அதை வட்டக் கறை பகுதியில் சொல்கிறேன்.

என் மேஜையில் இப்போது நிற்பது 1/35 அளவு டி-72. ஆவடியில் 'அஜேயா' என்ற பெயரில் தயாரானதே, அந்த டாங்கிதான். கீழே வரும் கோளாறுகளில் பாதியை இந்த ஒன்றிலேயே பார்த்துவிட்டேன். மீதி 1/72 விமானங்களின் உபயம்.

இன்னொன்று. வாஷும் டின்ட்டும் ஒன்றல்ல. வாஷ் பள்ளத்தில் போய்த் தங்கி நிழல் காட்ட வேண்டும். டின்ட், அதாவது பலரும் ஃபில்டர் என்று சொல்வது, பள்ளத்தில் தேங்காமல் மேற்பரப்பு முழுக்க மெல்லிய படலமாகப் படிந்து, அடி நிறத்தைக் கொஞ்சம் சூடாகவோ குளிர்ச்சியாகவோ மாற்ற வேண்டும். எனவே இரண்டுக்கும் வேண்டிய தரையே வேறு. வாஷுக்கு வழுவழுப்பு வேண்டும். ஃபில்டருக்கு லேசான சொரசொரப்பு. "எதற்கும் முதலில் கிளாஸ் (பளபளப்பு) வார்னிஷ் அடி" என்று எல்லோரும் சொல்வது பாதி உண்மைதான்.

துடைத்தால் அடிப் பெயிண்டும் சேர்ந்து வருகிறது

பஞ்சில் வாஷின் பழுப்போடு டாங்கியின் பச்சையும் ஒட்டிக்கொண்டு வந்தால், உடனே நிறுத்துங்கள். வாஷில் இருக்கும் தின்னர் அடிப் பெயிண்டையும் கரைக்கிறது.

மாடல் பெயிண்ட்களை மூன்று குடும்பமாகப் பார்த்தால் போதும். லாக்கர் கடினமானது; ஜப்பானிய 'மிஸ்டர் கலர்' இந்த வகை. அக்ரிலிக் நடுவில், டமியாவின் எக்ஸ், எக்ஸ்எஃப் குப்பிகளும் வல்லேஹோவும் இங்கே வரும். எனாமலும் ஆயில் கலரும் மென்மையானவை. கடினமானது கீழே, மென்மையானது மேலே: இந்த வரிசையில் போனால் மினரல் டர்பன்டைன் கலந்த வாஷ், நன்றாகக் காய்ந்த லாக்கரையோ அக்ரிலிக்கையோ ஒன்றும் செய்யாது. ஹம்ப்ரால் எனாமலில் பெயிண்ட் அடித்துவிட்டு அதன் மேலேயே எனாமல் வாஷ் போட்டுத் துடைத்தால், இரண்டும் ஒரே தின்னருக்குக் கரையும். சண்டை தவிர்க்க முடியாதது. அப்படிப்பட்ட மாடலுக்கு நடுவில் ஒரு அக்ரிலிக் வார்னிஷ் படலம் போட்டு, ஒரு நாள் முழுக்க விட்டு, பிறகு வாஷ் போடுங்கள். அல்லது அதற்கு மட்டும் நீர் சார்ந்த வாஷைப் பயன்படுத்துங்கள்.

குடும்பம் சரியாக இருந்தும் உரிகிறதா? அப்படியானால் காய்ந்தது போதவில்லை. தொட்டால் ஒட்டாதது வேறு, உள்வரை இறுகியது வேறு. வல்லேஹோ போன்ற நீர் சார்ந்த பெயிண்ட் மெல்லிய தோல் மாதிரிதான் பிடித்திருக்கும். அடியில் பிரைமர் இல்லாவிட்டால், தின்னர் கரைக்காமலேயே, பஞ்சின் உரசலுக்கே சுருண்டு வரும்.

நம் ஊரில் இதற்கு மூன்றாவது காரணம் ஒன்று உண்டு. பெயிண்ட் கடையில் போய் வெறுமனே "தின்னர்" என்று கேட்டால் பெரும்பாலும் கைக்கு வருவது என்.சி. தின்னர். மர பாலிஷுக்கும் வண்டி பெயிண்டுக்கும் உள்ள சரக்கு அது. நான் ஒருமுறை அப்படிக் கேட்டு வாங்கி, மூடியைக்கூட முகர்ந்து பார்க்காமல் ஆயில் கலரில் கலந்து, டாங்கியின் ஆறு சக்கரங்களில் தடவினேன். பெயிண்ட் மட்டுமல்ல, பிளாஸ்டிக்கின் மேல்தோலும் சேர்ந்து குழைந்து, பஞ்சு நூல் அதில் ஒட்டிக்கொண்டது. தப்பு கடைக்காரர் மேல் இல்லை. "மினரல் டர்பன்டைன்" என்று முழுப் பெயர் சொல்லிக் கேட்டிருக்க வேண்டும். மண்ணெண்ணெய் போதாதா என்று கேட்பவர்களும் உண்டு. போதாது, எண்ணெய்ப் பிசுக்கை விட்டுவிட்டுப் போகும், மேலே வார்னிஷ் பிடிக்காது.

உரிந்துவிட்ட இடத்தை என்ன செய்வது? ஒரு நாள் காய விடுங்கள். 1500 எண் நீர் உப்புத்தாளால் விளிம்பை மட்டும் சமன் செய்து, அடி நிறத்தை மெல்லியதாக ஏற்றுங்கள். டாங்கி என்றால் இன்னும் சுலபம்: அங்கே ஒரு சேற்றுக் கறையோ பெயிண்ட் உதிர்ந்த தழும்போ வைத்துவிடலாம். விமான இறக்கையில் அந்தத் தந்திரம் செல்லாது.

முன்கூட்டியே சோதிக்க முன்பெல்லாம் ஐஸ்கிரீம் கரண்டி வைத்திருப்போம். 2022 ஜூலையில் பிளாஸ்டிக் கரண்டிக்குத் தடை வந்த பிறகு பழைய கையிருப்பு மட்டும்தான். கிட் உதிரிகள் வரும் பிளாஸ்டிக் ஃப்ரேமின் அகலமான பகுதியிலேயே அதே பெயிண்ட், அதே வார்னிஷ் அடித்து வைத்தால் போதும்.

கோட்டுக்குள் ஓடவே மாட்டேன் என்கிறது

தூரிகை நுனியை பேனல் கோட்டில், அதாவது தகடுகள் சேரும் இடத்தைக் காட்டும் பள்ளக் கோட்டில், தொட்டால் வாஷ் தானாக இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஓட வேண்டும். அது நுண்புழை ஈர்ப்பு. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதும் அதனால்தான். ஓடாவிட்டால் மூன்று சந்தேகம்.

வாஷ் கெட்டியாக இருக்கலாம். கலவையைத் தட்டில் சாய்த்துப் பாருங்கள்: அழுக்குத் தண்ணீர் போல ஓடினால் சரி, மோர்க்குழம்பு போல நகர்ந்தால் இன்னும் தின்னர் வேண்டும். டமியாவின் பேனல் லைன் குப்பி மாதிரித் தயாராக வருவதாக இருந்தால், அடியில் தங்கிய வண்டல் கலங்கும்வரை குலுக்கினீர்களா என்று பாருங்கள். மேலே தெளிந்த தின்னரை மட்டும் தடவிவிட்டு "நிறமே பிடிக்கவில்லை" என்று சொல்வது சகஜம்.

இரண்டாவது, மேற்பரப்பு மேட், அதாவது பளபளப்பில்லாதது. மேட் பெயிண்டை உருப்பெருக்கியில் பார்த்தால் உப்புத்தாள் போல இருக்கும். வாஷ் கோட்டில் ஓடுவதற்குப் பதிலாக அந்த நுண்குழிகளில் பக்கவாட்டில் ஊறிவிடும். இங்கே கிளாஸ் வார்னிஷ்தான் மருந்து. டமியா எக்ஸ்-22 போன்றதை இரண்டு மெல்லிய பூச்சாக அடித்து, குறைந்தது ஒரு நாள் விடுங்கள். டாங்கிக்குப் பளபளவென்று இருக்கத் தேவையில்லை, முட்டை ஓட்டுப் பளபளப்பு போதும்.

மூன்றாவதை நாம் ஒப்புக்கொள்ள விரும்புவதில்லை: கோடே இல்லை. பிரைமர், பெயிண்ட், வார்னிஷ் என்று ஆறேழு பூச்சு போனபின் 1/72 கிட்டின் மெல்லிய கோடு தூர்ந்துபோயிருக்கும். வாஷ் ஓடி ஓடி ஒரே இடத்தில் நின்றால் அங்கே அடைப்பு. மெல்லிய ஊசியைக் கோட்டின் மேல் பளு கொடுக்காமல் இரண்டு முறை இழுத்து, பாத்திரம் தேய்க்கும் திரவம் ஒரு சொட்டு விட்ட தண்ணீரில் துலக்கி, காய்ந்ததும் மறுபடி முயலுங்கள்.

மொத்த மாடலும் அழுக்காகிவிட்டது

முதல் காரணம் மேலே சொன்ன மேட்தான். மேட்டில் ஊறிய வாஷை முழுக்க எடுக்க முடியாது. மினரல் டர்பன்டைனில் நனைத்து டிஷ்யூவில் ஒற்றி எடுத்த தூரிகையால், சதுரம் சதுரமாக, ஒவ்வொரு முறையும் தூரிகையைக் கழுவிக்கொண்டு தடவினால் முக்கால்வாசி போகும். மிச்சத்தை ஃபில்டர் என்று சொல்லிக்கொள்ளுங்கள். பல நல்ல டாங்கிகள் இப்படித்தான் பிறந்தன.

கிளாஸின் மேல் போட்டும் அழுக்காகத் தெரிந்தால், துடைத்த நேரம் தப்பு. ஈரமாக இருக்கும்போதே துடைத்தால் கோட்டில் இருப்பதும் வெளியே வந்து பரப்பில் இழுவும். எனாமல் வாஷின் ஈரப் பளபளப்பு அடங்கி மங்கலாகும் வரை பொறுங்கள். மின்விசிறி சுற்றும் அறையில் 20 முதல் 30 நிமிடம். பிறகு முதலில் உலர்ந்த இயர் பட்ஸ், அதற்கு வராவிட்டால் மட்டும் தின்னர் தொட்ட இயர் பட்ஸ். விமானம் என்றால் மூக்கிலிருந்து வாலை நோக்கி, காற்று போகும் திசையில். டாங்கி என்றால் மேலிருந்து கீழே, மழைநீர் வழியும் திசையில். மிச்சம் ஏதாவது இழுவினாலும் அது இயல்பான கறையாகத் தெரியும்.

ராத்திரி மறந்து தூங்கிவிட்டீர்களா? பரவாயில்லை, மறுநாளும் தின்னருக்கு இளகும். ஒரு வாரம் போனால் கஷ்டம்.

உண்மையில் டாங்கி முழுக்கத் தடவித் துடைப்பதே தேவையில்லாத வேலை. 0 எண் தூரிகையால் போல்ட்டைச் சுற்றி, விளிம்பை ஒட்டி மட்டும் தொட்டு வைத்தால் துடைக்க வேண்டியதே பத்தில் ஒரு பங்குதான்.

காய்ந்தபின் வட்ட வட்டமாகக் கறை

காபி டவராவை மேஜையில் வைத்து எடுத்தால் வருமே, அந்த வளையம். சொட்டின் விளிம்பு மேற்பரப்பில் பிடித்துக்கொண்டு நகராமல் நிற்கிறது. அங்கே ஆவியாவது அதிகம். அந்த இழப்பை ஈடுகட்ட நடுவிலிருந்து திரவம் விளிம்புக்கு ஓடும்போது நிறத்துகள்களையும் தூக்கிக்கொண்டு போகிறது. சிகாகோ பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் 1997-ல் இதை விளக்கி எழுதினார்கள்.

நீர் சார்ந்த வாஷில்தான் இது அதிகம். நுல்ன் ஆயில் போன்ற சிட்டடல் ஷேடுகள் (பெயரில்தான் ஆயில், இவை நீர் வாஷ்) சின்னப் பொம்மை வீரர்களின் துணி மடிப்பில் அற்புதமாக உட்காரும். அதையே டாங்கியின் தட்டையான கூரையில் போட்டால் வளையம் நிச்சயம். தேங்கியதைப் பார்த்த அந்த நிமிடமே, ஈரமான ஆனால் சொட்டாத தூரிகையால் உறிஞ்சி எடுங்கள். பாதி காய்ந்தபின் தொட்டால் வளையத்துக்குள் இன்னொரு வளையம்தான் கிடைக்கும். அப்போது கையைக் கட்டிக்கொண்டு முழுக்கக் காய விட்டு, அடி நிறத்தை நீர்க்கக் கலந்து வளையத்தின் மேல் இரண்டு மூன்று பூச்சு ஏற்றி மறைக்க வேண்டியதுதான். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் அழிக்கலாம் என்பார்கள்; அழியும், அடியில் இருக்கும் அக்ரிலிக்கோடு.

அடுத்த முறை இந்த வாஷ்களை வெறும் தண்ணீரால் நீர்க்காமல் லாமியன் மீடியம் மாதிரியான ஒரு மீடியத்தால் (நிறமில்லாத பெயிண்ட் பசை) நீர்த்துப் பாருங்கள். தண்ணீர் பசையை நீர்க்கச் செய்துவிட்டு நிறத்துகளைத் தனியே அலைய விடுகிறது.

தாமரை இலைத் தண்ணீர் போல உருண்டு நிற்கிறது

நீர் வாஷ், கிளாஸ் தரை. அல்லது உங்கள் விரல் எண்ணெய். பாத்திரம் தேய்க்கும் திரவத்தை ஊசி முனையால் தொட்டு வாஷில் கலக்குங்கள். ஒரு சொட்டு முழுதாக விட்டால் நுரைக்கும், காய்ந்ததும் குமிழித் தழும்பு நிற்கும்.

மூன்று நாளாகியும் பிசுபிசுக்கிறது

இது ஆயில் கலர் வாஷின் நோய். தின்னர் ஒரு மணி நேரத்தில் பறந்துவிடும். ஆனால் டியூபில் இருக்கும் ஆளிவிதை எண்ணெய் ஆவியாவதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்துதான் இறுகுகிறது. அதற்கு நாள் பிடிக்கும். நிறத்துக்கு நிறம் வேறுபாடும் உண்டு. பர்ன்ட் அம்பர், ரா அம்பர் இரண்டிலும் இயற்கையாகவே மாங்கனீசு இருப்பதால் சீக்கிரம் காயும். ஐவரி பிளாக் மந்தம். கறுப்பு வாஷ் வேண்டும் என்று கறுப்பையே கலப்பதைவிட, பர்ன்ட் அம்பரில் கொஞ்சம் அடர் நீலம் சேர்த்தால் சீக்கிரமும் காயும், பார்க்கவும் நன்றாக இருக்கும்.

கேமல் டியூபோ எதுவோ, தட்டில் பிழிவதற்கு முன் ஒரு துண்டு அட்டையில் பிழிந்து ஒரு மணி நேரம் விடுங்கள். எண்ணெய் அட்டையில் ஊறி வளையம் போடும். மிஞ்சிய களிம்பை எடுத்துக் கலக்குங்கள். அங்கங்கே எண்ணெய்ப் பளபளப்பு தெரியும் தொல்லையும் இதனால் குறையும். ஏற்கெனவே பிசுபிசுப்பவற்றுக்கு வெதுவெதுப்பான, தூசி இல்லாத இடமும் பொறுமையும்தான் வழி. மேலே வார்னிஷ் அடித்து அமுக்கிவிடலாம் என்று நினைக்காதீர்கள். அடியில் ஈரம் அப்படியே நிற்கும், மேலே வெடிப்பு விழும்.

ஃபில்டர் திட்டுத் திட்டாக இருக்கிறது

தூரிகையில் ஈரம் அதிகம். ஒரு பங்கு ஆயில் கலருக்கு இருபது பங்கு தின்னர் என்பது என் அளவு. அதிலும் தூரிகையை டிஷ்யூவில் ஒற்றிவிட்டுத்தான் மாடலைத் தொட வேண்டும். தடவிய இடம் ஒரு நிமிடம் ஈரமாகத் தெரிந்து மறைய வேண்டும். எங்கும் தேங்கக் கூடாது. ஒரு தடவையில் மாற்றமே தெரியாது, தெரியவும் கூடாது. காய விட்டு மூன்றாவது தடவையில்தான் பச்சைக்குள் ஒரு மஞ்சள் சூடு எட்டிப் பார்க்கும். கிளாஸின் மேல் போட்டால் ஃபில்டர் பிடிக்க இடமில்லாமல் குட்டை குட்டையாகத் திரளும். அதனால் என் வரிசை: மேட் பெயிண்டின் மேல் ஃபில்டர், அப்புறம் கிளாஸ், அப்புறம் வாஷ்.

அடி நிறம் ஊடே தெரியும் கிளியர் வகை டின்ட்டுகளில் வேறொரு சிக்கல். டமியாவின் கிளியர் ரெட், கிளியர் ப்ளூ போன்றவை ஒரு பூச்சு தடித்தாலே கறுத்துப்போகும். ஜெட் புகைபோக்கியில் சூட்டு நிறம் காட்ட இவற்றை எல்லாம் ஒரே இடத்தில் அடித்தால் சேறுதான் வரும். சூடேறிய எஃகு நிறம் மாறுவதற்கு ஒழுங்கு உண்டு: சுமார் 230 டிகிரியில் வைக்கோல் மஞ்சள், பிறகு பழுப்பு, ஊதா, 300 டிகிரியை நெருங்கும்போது நீலம். சூடு குறைந்த ஓரத்தில் மஞ்சளில் தொடங்கி, அதிகமான பக்கம் நீலத்தில் முடியுங்கள். ஒவ்வொன்றும் அடுத்ததன் மேல் கொஞ்சமே ஏறினால் போதும்.

மேட் வார்னிஷ் அடித்ததும் வெள்ளை பூத்துவிட்டது

சென்னையில் ஐப்பசி, கார்த்திகையில் ஸ்பிரே கேனைக் கையில் எடுத்தவர்களுக்கு இது தெரியும். தின்னர் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்கிறது. காற்றில் உள்ள ஈரம் அதில் பனித்து, வார்னிஷுக்குள் மாட்டிக்கொள்கிறது. மழை ஓய்ந்த நாளில், அதே வகைக் கிளாஸ் வார்னிஷை மெல்லியதாக ஒருமுறை மேலே அடித்தால் படலம் இளகி ஈரம் வெளியேறும், பெரும்பாலும் வெள்ளையும் மறையும். பிறகு மேட்டைத் தூறலாக அடியுங்கள். பள்ளங்களில் மட்டும் வெள்ளை என்றால் அது ஈரமல்ல. கேனைச் சரியாகக் குலுக்காமல் மேட் தூள் திரண்டது. வைத்தியம் அதே கிளாஸ்தான்.

மேட் அடித்தபின் வாஷே மங்கிப்போனது போலத் தோன்றினால் பயப்பட வேண்டாம். மேட் பரப்பு ஒளியைச் சிதறடிப்பதால் அடர் நிறங்கள் வெளுத்துத் தெரியும். இதைக் கணக்கில் வைத்து, வாஷை வேண்டியதைவிட ஒரு பிடி அடர்த்தியாகவே நிறுத்துங்கள். கோடு மங்காமல் பரவியிருந்தால் வேறு கதை: லாக்கர் வார்னிஷைச் சொட்டச் சொட்ட அடித்து எனாமல் வாஷைக் கரைத்துவிட்டீர்கள்.

டீக்கல் (மாடலில் ஒட்டும் சின்னம்) ஓரம் கறுத்ததும் இதைச் சேர்ந்ததுதான். டீக்கலுக்கு மேல் கிளாஸ் அடித்து அடைக்காமல் வாஷ் போட்டால், விளிம்புக்கு அடியில் புகுந்துவிடும். புகுந்ததை எடுக்க முடியாது.

பட்டென்று ஒரு சத்தம்

வாஷ் போட்டுவிட்டுத் திரும்பினால் மூட்டு ஒன்று பிளந்து கிடக்கும். ஏபிஎஸ் பிளாஸ்டிக்கும், இறுக்கமாக மாட்டிய எந்தப் பாகமும் உள்ளுக்குள் இழுவிசையோடு இருக்கின்றன. எனாமல் தின்னர் இடுக்கில் ஊறி அந்த இடத்தை உடைக்கிறது. ஜப்பானின் 'குண்டம்' (Gundam) ரோபோ மாடல்களின் இடுப்பு, முழங்கை மூட்டுகள் இப்படிப் போவது வாடிக்கை. பாகங்களைக் கழற்றி, தனித்தனியாக, கொஞ்சமாக வாஷ் போட்டு, முழுக்க உலர்ந்தபின் மாட்டுங்கள். லைட்டர் திரவத்தைத் தின்னராகப் பயன்படுத்துபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். உடைந்ததைப் பிளாஸ்டிக் சிமெண்டால் ஒட்டலாம்; அசையும் மூட்டாக அது இனி இருக்காது.

எல்லாம் சரியாக வந்தும் கார்ட்டூன் மாதிரி இருக்கிறது

இதற்கு வேதியியல் காரணம் இல்லை, கணக்குத்தான். 1/72 விமானத்தில் 0.3 மில்லிமீட்டர் அகலக் கறுப்புக் கோடு என்றால், நிஜ விமானத்தில் அது 21.6 மில்லிமீட்டர். தகடுகளுக்கு நடுவே விரல் நுழையும் இடைவெளியோடு எந்த விமானமும் பறக்காது. கோட்டை மெலிய வைக்க முடியாது, நிறத்தை அடக்கலாம். வெள்ளை விமானத்துக்கு இளஞ்சாம்பல், சாம்பல் விமானத்துக்கு அடர் சாம்பல், மணல் நிறத்துக்கு ரா அம்பர், பச்சை டாங்கிக்குக் கரும்பழுப்பு. ஏற்கெனவே கறுப்பு போட்டுக் காய்ந்துவிட்டதென்றால், அடி நிறத்தைத் தின்னரில் மிக மிக நீர்த்து ஏர்பிரஷ்ஷில் இறக்கை முழுக்க இரண்டு தூறல் கொடுங்கள். கோடு பாதி அடங்கியதும் நிறுத்திவிடுங்கள்.